கை நனைக்காதவர்கள்

ஜூலை 9

இன்று மேசைக்கு வந்த கைதிகளின் விடுப்பு மனுக்கள் மூன்று. ஒருவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்கிறான். அந்த அம்மாவுக்குப் போன வருடமே இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆனது. மூன்றாவது கண் முளைத்திருக்கும்போல. இரண்டாமவன் போன தடவை விடுப்பில் போய்ப் பக்கத்து வீட்டுக்காரன் காதைக் கடித்துவிட்டு வந்தவன். அவனுக்கு இந்த ஜென்மத்தில் நான் சிபாரிசு எழுத மாட்டேன்.

மூன்றாவது மனுதான் யோசிக்க வைக்கிறது. கைதி இசக்கிபாண்டி, ஆயுள் தண்டனை, ஒன்பது வருடம் உள்ளே இருந்துவிட்டான். அக்கா மகள் கல்யாணத்துக்கு ஆறு நாள் வெளியே விடவேண்டும் என்று அக்கா பேச்சியம்மாள் மனு போட்டிருக்கிறாள். அவன் கொன்றது கொம்பையா என்பவரை. கொம்பையா இந்தப் பேச்சியம்மாளின் புருஷன்.

நன்னடத்தை அலுவலர் வேலையில் இருபது வருடமாக நான் இரண்டு வீட்டுப் படி ஏறுகிறேன். கைதியின் வீட்டில், அவன் வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்கவேண்டும். செத்தவர் வீட்டில், அவன் வருவதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்கவேண்டும். இங்கே இரண்டும் ஒரே வீடு. ஒரே பெண்ணிடம் இரண்டு கேள்வியையும் கேட்கவேண்டும்.

கடைவாய்ப் பல் வலி உயிர் போகிறது. கிராம்பு வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூலை 11

தீர்ப்பு நகலைப் படித்தேன். பொங்கலன்று அக்கா வீட்டுக்குப் பொங்கல்படி கொண்டுபோயிருக்கிறான். கரும்பு, மஞ்சள்குலை, புதுப்பானை. அங்கே ஏற்கெனவே பானை பொங்கித் தெற்குப் பக்கம் வழிந்துவிட்டதாம். அது குடும்பத்துக்கு ஆகாதாம். அதற்காகக் கொம்பையா பெண்டாட்டியின் முடியைக் கையில் சுற்றி அவள் முகத்தை அம்மியில் மோதிக்கொண்டிருந்தார். மூன்று பல் முற்றத்தில் கிடந்ததாகச் சாட்சி இருக்கிறது.

இசக்கிபாண்டி பானையைப் பத்திரமாகக் கீழே வைத்திருக்கிறான். கரும்பு சீவும் அரிவாளை எடுத்து ஐந்து வெட்டு வெட்டியிருக்கிறான். முதல் வெட்டிலேயே கொம்பையா அக்காவை விட்டுவிட்டார், மற்ற நான்கும் வஞ்சம் என்று நீதிபதி எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வயது மகள் அனுசுயா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அவள்தான் இப்போது கல்யாணப்பெண்.

படித்து முடித்தபோது எனக்குச் செத்தவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. வரக்கூடாது. வந்தது.

ஜூலை 16

ஊருக்குப் போய்வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, வாழைத் தோட்டத்துக்கு நடுவில் நல்ல நடை.

முதலில் நல்லபெருமாளைப் பார்த்தேன். கொம்பையாவின் அண்ணன். அறுபது வயது இருக்கும், தோள் இன்னும் இறங்கவில்லை. குலை தள்ளி முடிந்த வாழைகளை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஒரு மரத்துக்கு ஒரு வெட்டு, இரண்டாவது வெட்டுக்கு வேலையே இல்லை. நான் பேசும்போதும் கை நிற்கவில்லை.

"இசக்கிபாண்டி வர்றதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

"ஒரு ஆட்சேபணையும் கெடையாதும்மா. மாமங்காரன் மால போடாம என்ன கல்யாணம்? தம்பி எடத்துல நின்னு நான் தாரை வாக்கேன். அவன் வந்து மாலையப் போடட்டும். வரட்டும்."

"மனசார சொல்றீங்களா?"

"வரட்டும்மா." இன்னொரு மரம் சாய்ந்தது. "அவன் வரணும்னுதான் நானும் இருக்கேன்."

எத்தனையோ செத்த வீட்டில் மண்ணை வாரி என்மேல் இறைத்திருக்கிறார்கள். ஒரு தடவை செருப்பு வந்து விழுந்தது. அண்ணனைப் பறிகொடுத்தவர், தம்பியைப் பறிகொடுத்தவர் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அவரே என்னைப் பேச்சியம்மாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் மகன் கோமதிநாயகம் பைக்கில் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டான்.

பேச்சியம்மாள் முன்பல் மூன்றும் இல்லாமல், முந்தானையால் வாயை மூடியே பேசுகிறாள். முற்றத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்தாள். நான் வேண்டாம் என்றேன். விசாரணைக்குப் போகிற வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது என் விதி. ஒரு டம்ளர் காபிக்கு அறிக்கையில் ஒரு வரி இளகிவிடும். ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

நல்லபெருமாள் டம்ளரை வாங்கிக்கொண்டார். அதை ஊதி ஊதி, கல்யாண மண்டபம், சமையல்காரர், வாழை விலை எல்லாம் பேசினார்.

பேச்சியம்மாளிடம் முதல் கேள்வி கேட்டேன், ஏற்றுக்கொள்வேன் என்றாள். இரண்டாவது கேள்வி கேட்டேன், ஆட்சேபணை இல்லை என்றாள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். அனுசுயா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளையும் கேட்டேன்.

"மாமா வந்தா எனக்குப் பயமா இருக்கும் மேடம். வராட்டி அதவிடப் பயமா இருக்கும்."

நல்லபெருமாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, டம்ளரை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் காகிதங்களை அடுக்கினேன். பேச்சியம்மாள் அந்த டம்ளரை எடுக்கவில்லை. அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்துக்கிட்டியளாம்மா?" என்றாள்.

"எல்லாம் பாத்தாச்சும்மா" என்றேன். காபியில் ஆடை கட்டி, விளிம்புவரை நின்றது. ஒரு ஈ விழுந்து துடித்துக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் பைக்கை உதைத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 18

பல்லைப் பிடுங்கியாயிற்று. டாக்டர் முழங்காலை நாற்காலியில் ஊன்றி இழுத்தார். வேர் உடைந்து உள்ளே நின்றுவிட்டது. அதைத் தோண்டினார். வாய் நிறைய ரத்தம். மரத்துப்போகிற ஊசி போட்டிருந்தும் நான் அவர் கையைப் பிடித்து நகத்தால் கீறியிருக்கிறேன்.

ஜூலை 19

மத்தியச் சிறை. இன்றைக்குப் போயிருக்கக்கூடாது. தாடை வீங்கி, பஞ்சைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் காதுவரை குத்தியது.

இசக்கிபாண்டி மெலிந்த ஆள். கொலைகாரன் என்றால் நம்ப முடியாது. அப்படிப் பார்த்தால் யாரையுமே நம்ப முடியாது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா பல்லு கட்டிக்கிட்டாளாம்மா?"

"இல்லை."

"பெரியத்தான் வந்தாகளா?"

அவன் நல்லபெருமாளைச் சொல்கிறான். "வந்தார். ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கார்."

"கையெழுத்து கெடக்கட்டும்மா. அக்கா வீட்டுல கை நனைச்சாகளா?"

புரியவில்லை என்றேன்.

"எங்க பக்கம் பகை உள்ள வீட்டுல பச்சத்தண்ணி பல்லுல படாது. ஒரு வாய் குடிச்சாச்சுன்னா பகை முடிஞ்சுது. அதுக்குப் பெறகு தொட்டா குலசாமி கேட்டுரும், தொட மாட்டாக. அக்கா என்னைப் பெத்த வயித்துல பெறந்தவளாச்சேன்னு ஒம்பது வருசமா அவ வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கல அவுக. இப்பக் குடிச்சாகளா? நீங்க பாத்தியளா? அத மட்டும் சொல்லுங்க. குடிக்கலன்னா நான் வரல. இங்கனயே கெடந்துக்கிடுதேன்."

ஜெயிலர் கடிகாரத்தைப் பார்த்தார். பஞ்சில் ரத்தம் ஊறி நாக்கில் கசந்தது.

"குடிச்சார். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். கொஞ்ச நேரம் கழித்து, கூட போலீஸ் வேண்டாம் என்று எழுதமுடியுமா என்று கேட்டான். விலங்கு மாட்டின கையால் மாலை போட்டால் பிள்ளை முகம் சுருங்கிவிடும் என்றான். பார்க்கிறேன் என்றேன்.

டம்ளர் அவர் கையில் இருந்தது. உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அதையும் பார்த்தேன். காபியைக் கையில் வாங்கியவர் குடிக்காமலா இருப்பார்?

ஜூலை 22

அறிக்கை அனுப்பிவிட்டேன். ஆறு நாள் விடுப்பு தரலாம். இறந்தவர் குடும்பத்தில் சமரசம் நிலவுகிறது. காவலர் பாதுகாப்பு தேவையில்லை. இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு மூன்றாவது தடவை எழுதினேன். அவன் அழுததை நினைத்துத்தான் எழுதினேன்.

வீக்கம் வடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 7

ஆணை வந்துவிட்டது. ஆகஸ்ட் 27 முதல் ஆறு நாள், காவல் இல்லாமல். உள்ளூர் இன்ஸ்பெக்டரின் அறிக்கையையும் பார்த்தேன். என் வாக்கியங்களை அப்படியே இறக்கியிருக்கிறார், நான் விட்ட ஒற்றுப்பிழை உட்பட. ஊருக்குப் போகாமலே எழுதியிருக்கிறார் என்று தெரிகிறது. திட்டலாம் என்று போனை எடுத்தேன். என் அறிக்கையை நம்பியதற்கு நானே எப்படித் திட்டுவது?

ஆகஸ்ட் 20

பேச்சியம்மாள் கல்யாணப் பத்திரிகையோடு அலுவலகத்துக்கு வந்தாள். கோமதிநாயகம்தான் பத்திரிகைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். ஒரு நிமிடம் அவளைவிட்டு நகரவில்லை.

"கூட போலீசு வாராகளாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லை. உங்க தம்பி மரியாதை குறையக்கூடாதுன்னு நான்தான் வேண்டாம்னு எழுதினேன்."

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். பல் இல்லாத அந்த இடம் கருப்பாகத் தெரிந்தது.

"வேண்டாம்னு எழுதிட்டியளா" என்றாள்.

"அதான் எழுதியாச்சுங்காகல்லா சித்தி, வாங்க" என்றான் கோமதிநாயகம்.

அவர்கள் போனபிறகு வேலை ஓடவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, கல்யாணத்தன்று மண்டபத்தில் இரண்டு ஆளைப் போடமுடியுமா என்று கேட்டேன். "நீங்கதான மேடம் சமரசம் நிலவுதுன்னு எழுதுனீங்க? எதாச்சும் இருந்தா எழுத்துல குடுங்க, போடுதேன்" என்றார். எழுத்தில் என்ன கொடுப்பது? என் அறிக்கை தப்பு என்றா? ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன் என்று வைத்துவிட்டேன்.

அன்றைக்கு நான் லீவு போட்டிருக்கிறேன். கல்யாணத்துக்குப் போய் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவேன். சாப்பிட மாட்டேன்.

ஆகஸ்ட் 30

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 31

புடவையை மூன்று தடவை அலசினேன். பிறகு குப்பையில் போட்டுவிட்டேன்.

நேற்றுக் கல்யாணத்தில் இசக்கிபாண்டி வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். மாமன் மாலையைப் போட்டு அனுசுயாவைக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டுவந்தான். நல்லபெருமாள் பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்த்தார். தாலி கட்டியாயிற்று. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருவன் வெட்டினான், ஒருவர் தம்பியை இழந்தார். இப்போது இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். என் அறிக்கைதான் இதைச் செய்தது என்று எனக்குக் கர்வமாக இருந்தது. அப்படியே எழுதுகிறேன், கர்வமாகத்தான் இருந்தது.

பந்தியில் மாமனையும் தாரை வார்த்தவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார்கள். நான் பந்தி நடக்கிற இடத்தில் வாசல் ஓரம் நின்றேன். இசக்கிபாண்டி பசியோடு சாப்பிட்டான். ஒன்பது வருடம் கழித்துக் கல்யாணச் சாப்பாடு.

"பெரியத்தான், சாப்புடுங்க" என்றான்.

நல்லபெருமாள் இலையில் சோறு இருந்தது. சாம்பார் ஊற்றியிருந்தது. அப்பளம் நனைந்து சாய்ந்திருந்தது. கூட்டு, பொரியல், பாயசம் எல்லாம் இருந்தன. வைத்தது வைத்தபடி இருந்தது. அவர் கை இரண்டும் முழங்கால்மேல் இருந்தன.

அப்போதுதான் எனக்கு அந்த டம்ளர் தெரிந்தது. ஆடை கட்டி, விளிம்புவரை, ஈ துடித்துக்கொண்டு. இதுவரை தெரியாமல் இல்லை. அன்றைக்கே பார்த்து, அன்றைக்கே இந்த நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

"இசக்கிபாண்டி" என்று கத்தினேன். அவன் சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தான். கோமதிநாயகம் சமையல்கட்டிலிருந்து தேங்காய் உடைக்கிற அரிவாளைக் கொண்டுவந்து அப்பன் கையில் கொடுத்துவிட்டிருந்தான். முதல் வெட்டு அந்தக் கையில் விழுந்தது. சோறோடு விரல்கள் இலையில் விழுந்தன.

அவன் ஓடவில்லை. எதிர் இலையைப் பார்த்தான். பிறகு மறுபடி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

நல்லபெருமாள் சத்தமாக எண்ணினார். ரெண்டு. மூணு. தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று. ஜனங்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பாயச வாளி கவிழ்ந்தது. நான் முன்னால் போனேன், யாரோ என்னை இடித்துத் தள்ளினார்கள், ரத்தத்தில் விழுந்தேன். நாலு. அனுசுயா மாலையோடு வாசலில் நின்றாள். பன்னிரண்டு வயதில் நின்றதுபோலவே நின்றாள். அஞ்சு.

அதற்குமேல் வெட்டவில்லை. ஐந்தோடு நிறுத்தி, அரிவாளைத் தரையில் போட்டார். குழாயடியில் போய் முழங்கைவரை கழுவினார். திரும்பி வந்து தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"முடிஞ்சுது" என்றார். போலீஸ் வருகிறவரைக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 4

மெமோ வந்திருக்கிறது. எந்த அடிப்படையில் காவலர் பாதுகாப்பு தேவையில்லை என்று எழுதினீர்கள்? ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும்.

இறந்தவரின் அண்ணன் ஆட்சேபணை இல்லை என்று எழுத்துபூர்வமாகத் தெரிவித்தார், கையெழுத்து இணைக்கப்பட்டுள்ளது என்று பதில் எழுதிவிட்டேன். டம்ளரைப் பற்றி எழுதவில்லை. எழுதினாலும் மேலே இருப்பவர்களுக்குப் புரியாது என்று சொல்லிக்கொண்டேன். புரிந்துவிடும் என்பதால்தான் எழுதவில்லை.

செப்டம்பர் 10

பல் பிடுங்கின இடத்தில் சதை மூடிவிட்டது. நாக்கு இன்னும் அங்கேயே போகிறது.

செப்டம்பர் 17

பேச்சியம்மாள் வந்தாள். தம்பிக்குப் பதினாறு முடிந்துவிட்டது. இந்தத் தடவை தனியாக வந்தாள். அப்பனும் மகனும் உள்ளே இருக்கிறார்கள், இனி அவளைக் காவல் காக்க ஆள் இல்லை.

எதிரே உட்காரவைத்தேன். கடையிலிருந்து டீ வரவழைத்து அவள் முன்னால் வைத்தேன். அவள்தான் பேசினாள். வாயை மூடிக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு அந்த டம்ளர எடுக்காம வச்சிருந்தேனே, எதுக்குன்னு நெனச்சிய?"

டீ டம்ளரை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"உங்க கண்ணுல படணும்னுதாம்மா. வாசல்ல பெரியவுக மகன் நின்னான், வாயத் தொறந்து சொல்ல முடியல. சொல்லிட்டா தாரை வாக்க வரமாட்டாக, எம்பிள்ள கல்யாணம் நின்னுரும். நீங்களும் லீவே கெடையாதுன்னுருவிய. பாத்திட்டியன்னா போலீசோட அனுப்பிருவியன்னு நெனச்சேன். பாத்துக்கிட்டியளான்னு கேட்டேன். பாத்தாச்சுன்னிய."

"உங்க தம்பிகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. மூணு நாள் வீட்டுலதான இருந்தார்?"

"சொன்னேம்மா. வந்த அன்னைக்கே சொன்னேன். பெரியவுக ஒரு வாய் குடிக்கல, நான்தான் எடுத்து வாழைக்கு ஊத்துனேன், நீ திரும்பிப் போயிருன்னு காலப் பிடிச்சேன். சிரிச்சான். போக்கா, ஆபீசர் அம்மா பக்கத்துல இருந்து கண்ணால பாத்தேன்னு சொன்னாக, அவுகளுக்கு என்ன பொய் சொல்லணும்னு தலையெழுத்தா, நீ ஊத்துனது அந்த அம்மா டம்ளரா இருக்கும்னான்."

"நான்..." என்று ஆரம்பித்தேன். என்ன சொல்ல? பல் வலி என்றா? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றா?

"என் சொல்ல நம்பல அவன். உங்க சொல்லத்தான் நம்புனான்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"டீ ஆறுதும்மா, குடிங்க" என்றேன்.

அவள் டம்ளரைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு என் மேசையில், என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வாரேன்" என்று எழுந்து போனாள்.

மாலை அலுவலகத்தைப் பூட்டும்போது பார்த்தேன். ஆடை கட்டி, விளிம்புவரை அப்படியே இருந்தது.